காது மாஸ்டர் வைத்த டைமிங்

என் வீட்டுக்காரரை எல்லாரும் ‘காது மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. பழைய வண்டிக்கு டைமிங் வைக்க, அதாவது எஞ்சினுக்குள் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று சரிபண்ண, மற்ற மெக்கானிக்குகள் லைட்டைப் பிடித்துக்கொண்டு குறியைத் தேடுவார்கள். இவர் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அதைக் கையாலேயே திருகிக்கொண்டு போவார். வண்டிக்காரர் கியர் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை முக்க வைப்பார். பொறி ரொம்ப முந்திவிட்டால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல உள்ளே ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். அது கேட்டதும் மயிரிழை பின்னால் திருப்பி இறுக்கிவிடுவார். இழுவை முழுசாகக் கிடைக்கும், எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகாது.

பட்டறைக்கும் எங்கள் சமையலறைக்கும் ஒரே சுவர் என்பதால் அந்தச் சத்தம் எனக்கும் அத்துப்படி. போதாக்குறைக்கு, சமீப காலமாக டைமிங் வைக்கிற நேரம் பார்த்துத்தான் அவருக்குத் தாகம் எடுக்கும். “தண்ணி கொண்டா” என்பார். கொண்டுபோனால் குடிக்கவும் மாட்டார். செம்பைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். இதற்காக நான் போடாத சண்டை இல்லை.

என் தம்பிக்கு ஒரு வேன் உண்டு. மலைமேல் இருக்கும் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போவான். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான். அன்றைக்குக் காலையில் வந்து நின்றான்.

“மச்சான், ஏத்தத்துல மூச்சு வாங்குது. கொஞ்சம் இழுவை வர்ற மாதிரி பண்ணி விடுங்க.”

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கீழேயிருந்து தண்ணீர் கேட்டார். “கைவேலையா இருக்கேன், நீங்களே எடுத்துக்குங்க!” என்று கத்தினேன். நான் இறங்கி வருவதற்குள் வேன் வாசலைத் தாண்டிவிட்டது. தெருமுனையில் இருப்பது சின்ன மேடுதான். அதில் ஏறும்போதே கல் குலுங்கியது.

“என்னங்க, நாக்கிங் வருதே!”

“எங்க வருது? நீ வேற.”

“நல்லா கேக்குதே! பங்க்ல இப்ப சாதா பெட்ரோல்தான் இருக்கு. ஆக்டேன் கம்மின்னா சீக்கிரமே நாக்கிங் வருமே, இவ்வளவு முன்னாடி வைக்கலாமா?”

“பேசாம பட்டறையை நீயே நடத்து” என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே சட்டைப் பையில் போன் கீச்சுக் கீச்சென்று அடித்தாலும் அவர் எடுப்பதில்லை. திமிர் என்று நினைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பேசினால் பதில் சொல்கிறாரே, பிறகு காதுமேல் எப்படிச் சந்தேகம் வரும்? தம்பிக்குப் போன் போட்டேன், மறுபடி மறுபடி போட்டேன். மலையில் சிக்னல் ஏது? பாரத்தோடு அவன் ஒவ்வொரு வளைவாக ஏறிக்கொண்டிருப்பான் என்று நினைத்து நினைத்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தேன்.

சாயங்காலம் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இவர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழைகிற ஓட்டை. பக்கத்துப் பிஸ்டனின் விளிம்பு எலி கடித்த மாதிரி இருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

“ஏறும்போது கலகலன்னு ஒரு சத்தம் வந்துச்சு மச்சான். சரக்கு ஆடுதுன்னு நெனச்சேன்” என்றான் தம்பி.

“பங்க்ல மட்டமான பெட்ரோல்” என்றார் இவர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

“பாவிப் பசங்க! நீங்களே சரிபண்ணிக் குடுங்க மச்சான். வேற எவனையும் தொட விடமாட்டேன்.”

உண்மையைச் சொன்னால் புருஷன் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் தம்பி பிழைப்பு. இரண்டு பேருமே என் ஆட்கள்தான். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். “ஒருதடவை டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டு வருவோமா?”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “காது மாஸ்டர் காது டாக்டர்கிட்ட போனா, அப்புறம் எவன் வண்டியக் கொண்டாருவான்?” என்று தட்டைப் பார்த்தே சொன்னார்.

எஞ்சினைப் புதுப் பிஸ்டன் போட்டுச் சேர்த்து முடித்த அன்று, யாரோ கொடுத்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் கிடந்த டைமிங் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். வேறு வண்டிக்காரர்களும் காத்திருந்தார்கள்.

“உள்ள வை. ஆளுங்க பாக்குறாங்க” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அங்கேயே நின்றேன்.

தம்பி எஞ்சினை முக்க வைத்தான். இவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு திருகினார், இன்னும் கொஞ்சம் திருகினார். கல் குலுங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் புருவம் தானாகச் சுருங்கியது. அவர் கை நின்றது. மயிரிழை பின்னால் திருப்பி இறுக்கினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் கண் எஞ்சின்மேல் இல்லை, என் முகத்தின்மேல் இருந்தது.

குடிக்காத தண்ணீரெல்லாம் எதற்கென்று புரிந்தது. மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், நான் மாடியில் நின்ற அன்று, கேட்காத காதை வைத்துக்கொண்டு என் தம்பி வண்டியில் கை வைத்திருக்கிறார்.

“மச்சான் காதுன்னா காதுதான்!” என்று தம்பி சிரித்தான்.

அடுத்த வண்டி உள்ளே வந்தது. இவர் ஸ்டூலை எடுத்து, துணியால் தூசி தட்டி, அதன் பானெட்டுக்கு எதிரே போட்டார். “கொஞ்ச நேரம் இங்கயே இரேன்” என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

உட்கார்ந்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது என் முகம் மாறினால் அவர் கை தப்பான இடத்தில் நின்றுவிடும்.