முக்கால் இன்ச்

வெர்லின் ஸ்ட்ரௌடுக்கு அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஃபோர்ட் வொர்த் நகரத்தின் ஆகஸ்ட் வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செப்பனிட்டு விற்கலாமென்று அவளும் கொழுந்தன் டாய்லும் சேர்ந்து வாங்கிய வீட்டைச் சுற்றிலும் குழிகள், குழிக்குக் குழி ஒரு ஜாக்கி. மேற்கு மூலையில் மண்ணோடு இறங்கிப்போன வீட்டை இன்றைக்குத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டி அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது, பாவம். புருஷன் விட்டுப்போன சேமிப்பெல்லாம் இந்த வீட்டில்தான். வீடு தேறினால் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தேறாவிட்டால் மறுபடியும் அந்தப் படிகளில் ஏறி இறங்க வேண்டியதுதான்.

டாய்ல் செய்த காரியத்தைக் கேளுங்கள். விற்பனை விளம்பரத்தில் போட்டோ பளிச்சென்று வரவேண்டுமென்று, அஸ்திவாரத்தைத் தொடுவதற்கு முன்பே குளியலறைக்கு டைல் ஒட்டிவிட்டான்.

"பவுடர் பூசிட்டு அப்புறம் குளிக்கப் போறவன்டா நீ," என்றாள் வெர்லின்.

"போட்டோவைப் பாத்துத்தான் ஆளே வர்றாங்க அண்ணி. நீங்க சும்மா ஒரு இடமா உக்காருங்க. உங்க நடையிலயே வீடு இறங்கிடும் போல."

குழிக்குள்ளிருந்து மேஸ்திரி எலீசியோ சிரித்தான். ஜாக்கிகள் ஏறின. வீடு எங்கேயோ உள்ளுக்குள் முனகியது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போனாள். சமையலறையில் நின்றாள், கூடத்துக்கு வந்தாள், மறுபடி சமையலறைக்கே போனாள். குளியலறையில் 'டக்' என்று ஒரு சத்தம். புது டைலில் மயிரிழை போல ஒரு கோடு.

மேற்கு அறைக் கதவைப் பார்த்தாள். நேற்று வரை கச்சிதமாகச் சாத்திய கதவு. இப்போது அதன் மேலே, ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்று ஓர் இடைவெளி. நாற்காலி போட்டு ஏறி விரலால் தடவினாள். கதவின் தலையைச் சாய்வாக இழைத்து, மேலே மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் அலமாரிக் கால்களுக்கு அடியில் மரச்செதில்கள். வீடு இறங்க இறங்க, இங்கே குடியிருந்தவர்கள் எல்லாவற்றையும் அந்தச் சாய்வுக்கே செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் தரைக்கு அடியில் ஓடும் பழைய இரும்புக் கழிவுக் குழாய்? அதுவும் அந்தச் சாய்வுக்குப் பழகித்தானே கிடக்கும்!

வெளியே ஓடினாள். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை.

"நிறுத்து! எலீசியோ, நிறுத்து!"

"இன்னும் முக்கால் இன்ச்தான் அண்ணி!" டாய்ல் கத்தினான். "மட்டமா இல்லேன்னா எவன் வாங்குவான்?"

"வாங்க வேண்டாம். வாடகைக்கு விடுவோம். வர்றவங்ககிட்ட தரை சாய்வுன்னு சொல்லியே விடுவோம். இதுக்கு மேல இறங்காம இருந்தா போதும்டா."

"பயந்துட்டீங்க."

"ஆமா, பயந்துட்டேன். அடியில குழாய் உடைஞ்சா உன் டைலையெல்லாம் யாரு பேத்தெடுக்கிறது?"

எலீசியோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "குடும்பச் சண்டைக்குத் தனி ரேட்டு, சென்யோரா," என்று வெர்லினிடம் சொல்லிவிட்டு ஜாக்கியிலிருந்து கையை எடுத்தான்.

அவள் கூப்பிட்ட பிளம்பர் வந்து வாசலில் கழிவுக் குழாயை அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினார். குளியலறைச் சாக்கடை வாய் வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. அது இறங்கினால் அடியில் குழாய் உடைந்துவிட்டது என்று அர்த்தம். வெர்லின் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். உம்மென்றிருந்த டாய்லும் வந்து பக்கத்தில் குந்தினான்.

"இறங்குதா அண்ணி?"

"மூச்சு விடாத. தண்ணி ஆடுது."

இருவரும் குனிந்தபடியே இருந்தார்கள். பிளம்பர் இரண்டு முறை வெளியே போய்ப் புகைபிடித்துவிட்டு வந்தார். தண்ணீர் கோட்டைவிட்டு நகரவில்லை.

டாய்ல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரி என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினான். வெர்லின் சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"எலீசியோ, இந்த உயரத்திலேயே இறுக்கிடு. குழியை மூடு!"