அரைக்கம்பத்துக்கு முன்னால்

துறைமுக அலுவலகத்தில் கொடியேற்றுபவருக்கு 'சட்டம்' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கொடியில் நீலம் ஆழ்கடல், குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை நுரை, கம்பத்தை ஒட்டிய மேல்மூலை மஞ்சள் கட்டம் கரைவிளக்கு. மஞ்சள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டால் ஆபத்து என்று அர்த்தம், ஊரே கரைக்கு ஓடிவரும். இதையெல்லாம் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அன்று காலை அதிகாரி கூப்பிட்டபோது, மேஜைமேல் இருந்த தாளை இவர் எதிர்ப்பக்கத்தில் நின்றபடியே படித்துவிட்டார். புயலில் மாட்டிய ஐந்து படகுகளில் நான்கு திரும்பிவிட்டன. ஐந்தாவதைத் தேடிப் போனவர்கள் ஆறாம் நாள் அதன் பெயர் எழுதிய பலகையை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் படகில் போன ஏழு பேரில் ஒருவன் சட்டத்தின் மருமகன்.

"தேடறத நிறுத்தியாச்சு," என்றார் அதிகாரி. "பத்து மணிக்குக் கொடிய அரைக்கம்பத்துல விடணும். மத்த ஆறு பேரும் வெளியூரு, வீட்டுக்கு ஆள் அனுப்பறேன். உங்க பொண்ணுக்கு?"

"நானே போய்ச் சொல்லிக்கறேங்க."

"கொடிக்கு வேற யாரையாவது விடட்டுமா?"

"வேற யாருக்குங்க தெரியும்?" என்றார் சட்டம். வழக்கமான வீம்புதான்.

மகள் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே கம்பம். ஆறு நாளாக அவள் அடுப்பைப் பார்த்ததைவிட ஜன்னலைப் பார்த்ததுதான் அதிகம். கொடி பாதியில் தொங்குவதைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தாரே ஒழிய, கால் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு தடவை செருப்பை மாட்டினார், இரண்டு தடவையும் கழற்றினார்.

சொல்லத் துணிவில்லாத மனிதர் விதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உத்தரவில் முத்திரை இல்லை என்று தாளைத் திருப்பி அனுப்பினார். முத்திரையோடு வந்ததும், "வெளுத்த கொடிய துக்கத்துக்கு விடக் கூடாதுங்க," என்று, பறந்துகொண்டிருந்த கொடியை இறக்கி மடித்துவைத்தார். அலமாரியிலிருந்து புதுக் கொடியை எடுத்தார். மடிப்பு விழுந்திருந்தது, இஸ்திரி போட்டார். ஓரத் தையல் உறுதியாகத்தான் இருந்தது, அதன்மேல் இன்னொரு வரிசை தைத்தார். பத்து மணி பன்னிரண்டாகி, ஒரு மணியும் ஆனது. கம்பம் மொட்டையாக நின்றது. அதிகாரி இரண்டு முறை வாசல்வரை வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் முறை பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"கொடிய ஏத்திட்டுப் போறேங்க."

அரைக்கம்பம் என்றால் பாதியோடு நிறுத்துவதல்ல. முதலில் உச்சிவரை ஏற்ற வேண்டும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். அவர் ஏற்றினார். கொடி உச்சியைத் தொட்டு விரிந்தது. ஒரு கணம் என்பது எவ்வளவு நேரம் என்று விதிப்புத்தகத்தில் இல்லை. முப்பது வருடமாகக் கண்ணில் படாத அந்த ஓட்டை அன்றைக்குத்தான் பட்டது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். தோள் கடுத்தது, உள்ளங்கை வியர்த்தது, இறக்க மனம் வரவில்லை.

மேட்டுத் தெருவிலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். மகள்தான். காலில் செருப்பில்லை, கையில் கரண்டி இருந்தது. சிரித்துக்கொண்டே வந்தாள்.

"காலையிலேர்ந்து கொடியே இல்லையா, உசுர கையில புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள் மூச்சு வாங்க. "இப்ப எட்டிப் பாத்தா உச்சியில புதுக் கொடி. வந்துட்டாராப்பா? எங்க இருக்காரு?"

துக்கத்துக்கு ஏற்றும் கொடி, போகிற வழியில் ஜன்னலுக்கு நல்ல சேதி சொல்லும் என்று சட்டத்துக்கு அதுவரை உறைக்கவே இல்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, பெற்ற மகளைச் சிரிக்கவைத்து வரவழைத்திருக்கிறார். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் அலுவலக வாசலை எட்டிப் பார்த்தாள். படகுத்துறையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை, அப்புறம் கைகளை. அவள் நடை பழகியதே இந்தக் கம்பத்தடியில்தான். உச்சியிலேயே விடப்போகிற கொடி என்றால் அப்பா கயிற்றை அப்போதே கம்பத்துக் கொண்டியில் சுற்றிக் கட்டிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"கயித்த ஏம்பா இன்னும் கட்டல?"

"நானே வந்து சொல்லணும்னுதாம்மா..." என்று ஆரம்பித்தார். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. கரண்டியைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றாள். அவர் கயிற்றைத் தளர்த்தினார். கொடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எங்கே நிறுத்துவது என்று அவருடைய கைக்கு மறந்துபோயிருந்தது.

"போதும்பா," என்றாள் அவள். "இப்ப கட்டுங்க."