அட்டவணையில் இல்லாத நால்வர்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்கா. பத்து வயது மூத்த டாக்டர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்தவனுக்கு வயது ஏது? சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் ஊழியர்கள், ரத்தம் கொடுக்க முன்வந்தவர்கள் என்று ஒன்பது லட்சம் பேரின் விவரம் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வரில் இருந்தது.

ரத்த வங்கியில் இருந்தவர் ஊருக்கே சித்தப்பா. ரத்த வகையைச் சொல்லித் தேடினால் சர்வர் ஆடி அசைந்துதான் பதில் கொடுக்கும். "உன் பெட்டி பேரு சொல்றதுக்குள்ள பேஷண்ட் குணமாகி வீட்டுக்கே போயிடுவாரும்மா" என்று நக்கலடிப்பார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. வியாழக்கிழமை மாலை, ரத்த வகைக்கும் ஓர் அட்டவணை வேண்டுமென்று சர்வரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தாள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் போட்டிருப்பார்களே, அது போலத்தான். பழைய பேர்களை அதில் ஏற்ற வேண்டுமானால் சர்வரை நிறுத்திவிட்டு அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சித்தப்பாவின் போன் வந்தது.

"ஏம்மா, பதில் சட்டுனு வருது. ஆனா யாருமே இல்லைங்குது. லட்சத்துல ஒருத்தருக்குக் கிடைக்கிற வகைதான், ஆனாலும் நாலு பேர் இருந்தாங்களே! பிரசவமான பொண்ணு, ரத்தம் நிக்கல. ஒரு மணி நேரத்துல ஆள் வேணும்னு டாக்டர் கத்துறாரு."

முந்தின நாள் சேர்த்த வரி அவளுக்கு நினைவு வந்தது. அட்டவணை காலி. அதில் பேர் இல்லையென்றால் சர்வர் உள்ளே புரட்டிப் பார்க்காது, ஆளே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடும்.

"யாரோட நம்பராவது ஞாபகம் இருக்கா சித்தப்பா?"

"கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னது நீதானேம்மா."

"அரை மணி நேரம் குடுங்க. சரி பண்ணிடறேன்."

சர்வரை நிறுத்தினாள். கறுப்புத் திரையில் அட்டவணைகளைக் கட்டும் கட்டளையைத் தட்டினாள். பழைய இயந்திரம், நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு ஒன்பது என்று நகர்ந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவன், குழந்தைத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. சர்வர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டளையை ஓட்ட சர்வருக்கென்று தனிக் கணக்கு உண்டு. பதற்றத்தில் நிர்வாகிக் கணக்கிலேயே ஓட்டிவிட்டாள். புது அட்டவணைக் கோப்புகள் நிர்வாகிக்குச் சொந்தமாகிவிட்டன, சர்வருக்கு அவற்றைத் தொட அனுமதியில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதைக் கண்டுபிடித்து உரிமையை மாற்ற இன்னும் அரை மணி ஓடியது.

பன்னிரண்டு ஐந்துக்கு நாலு பேரும் திரைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருத் தச்சர். போட்டது போட்டபடி கிளம்பி, இருபது நிமிடத்தில் வந்து நின்றார். அந்தப் பெண்ணின் உயிர் பிரிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு அவள் அறைக் கதவைக் கணவன் தட்டினான்.

"நீங்க ரொம்பப் பாடுபட்டீங்கன்னு அந்தப் பெரியவர் சொன்னாரு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்தப் பேரெல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சாக்கா?"

"இல்ல. உள்ளேயேதான் இருந்துச்சு. தேடிக் குடுக்கிறதுதான் வேலை செய்யல. அதைத்தான் சரி பண்ணிட்டிருந்தேன்."

"உள்ள இருந்ததை அப்படியே எடுத்துப் பாக்க முடியாதா? எனக்கு இதெல்லாம் தெரியாது, அதான் கேக்கறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே கட்டளை போதும். ஒன்பது லட்சம் பேரையும் வரிவரியாக ஒரு கோப்பில் கொட்டிவிடும். அதில் ரத்த வகையைத் தேடினால் தீர்ந்தது. அட்டவணையே வேண்டாம், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். வாராவாரம் நகலெடுக்க அவளே ஓட்டுகிற கட்டளைதான். கெட்டதைச் சரிசெய் என்பதுதான் பன்னிரண்டு வருடப் பழக்கம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

முடியாது என்று சொல்லிவிடலாம். அவனுக்குத் தெரியப் போவதில்லை, சித்தப்பாவுக்கும் தெரியாது.

"முடியும்" என்றாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

அவன் தலையை ஆட்டினான். எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.