விடுதலைக்கு ஒரு சான்று நகல்

வேலை கிடைத்துவிட்டது என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்த அன்று, நெட்டை பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலை. வண்டி ஓட்டிக் காட்டியதில் தேறிவிட்டான், உடல் பரிசோதனையிலும் தேறிவிட்டான். ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வால் இருந்தது. பின்னணி விசாரணையில், பல வருஷங்களுக்கு முன்னால் அவன்மேல் ஒரு திருட்டு வழக்கு பதிவானது தெரியவந்திருக்கிறது. அது எப்படி முடிந்தது என்று காட்டும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம்.

வழக்கு முடிந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவன் ஒரு மின்சாமான் கிடங்கில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வேனில் ஏற்றிய செம்புக் கம்பிச் சுருள்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் குறைந்தன. யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டுமே என்று முதலாளி ஓட்டுநரைப் பிடித்துக் கொடுத்தார். வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, கடைசியில் விடுதலையானான். அன்று நீதிமன்றப் படி இறங்கும்போது, இனி செத்தாலும் இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொன்னவன், தீர்ப்பின் நகலைக்கூட வாங்காமல் வந்துவிட்டான்.

"விடுதலை பண்ணியாச்சு. அப்புறம் என்ன நகல்? வேணும்னா அவங்களே போய் வாங்கிக்கட்டும்" என்றான் அக்காவிடம்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பொறுமைக்குக் கடையில் பெயர் போனவள். அந்தப் பொறுமை கடையோடு சரி. தம்பி விஷயத்தில் அது காலையிலேயே தீர்ந்துவிடும். அவனோடு மல்லுக்கட்டுவதைவிட நாமே போய் வாங்கிவிடலாம் என்று அரை நாள் விடுப்பு சொன்னாள். அரை நாளில் நீதிமன்ற வேலை முடியும் என்று நம்பியதை நினைத்துப் பின்னால் அவளே சிரித்தாள்.

முதலில் நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடினாள். தம்பியின் பெயரை ஆங்கிலத்தில் போட்டால் ஒன்றும் வரவில்லை. நடுவில் ஓர் எழுத்தை இரட்டித்துப் போட்டால் அதே பெயரில் யாரோ ஒருவன் மாமனாரை அடித்த வழக்கு வந்தது. கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் சீட்டாட்ட வழக்கு வந்தது. தகப்பன் பெயரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பழைய வழக்குகளை இன்னும் ஏற்றவில்லை என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தாள். அதை மேலே போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கணவனிடம் கேட்டாள். அவர் தனக்கும் அந்த இணையதளத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் திரும்பிப் படுத்தார்.

நீதிமன்றத்தில் விசாரணைக் கவுன்டரில் இருந்தவர் வழக்கு எண் கேட்டார். அது தெரியாமல்தான் வந்திருக்கிறேன் என்றாள். எண் இல்லாமல் தேட முடியாது என்றார். தேடினால்தானே எண் கிடைக்கும் என்றாள். வக்கீலைக் கேளுங்கள் என்று ஜன்னலைப் பாதி சாத்தினார். அன்று வாதாடிய வக்கீலோ இப்போது நீதிமன்றப் பக்கமே வருவதில்லை, வீட்டுமனை விற்கிறாராம். போனில் வழக்கைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனை ஏதாவது பார்க்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் முறை போனபோது கவுன்டரில் வேறோர் அம்மாள் இருந்தார். எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்தக் காவல் நிலையம், எந்த வருஷம் என்று தெரிந்தால் போதும், அந்த வருஷத்துப் பதிவேட்டைப் பார்க்க ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்றார். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். முன்னால் இருந்தவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

பதிவேடு அகர வரிசையில் இருந்தது. தம்பியின் சொந்தப் பெயருக்கான எழுத்தில் அவன் இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. வருஷம் தப்போ, காவல் நிலையம் தப்போ என்று தம்பிக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். ஊரில் யார் யார் எதைத் திருடினார்கள், யார் மண்டையை யார் உடைத்தார்கள் என்று மத்தியானம் வரை படித்த பிறகு, 'நெ'வில் அகப்பட்டான். 'நெட்டை என்கிற' என்று தொடங்கி அதற்குப் பிறகுதான் சொந்தப் பெயர் இருந்தது.

அவன் அப்படியொன்றும் உயரமில்லை. கிடங்கில் மற்றவர்கள் எல்லோரும் குட்டை, அதனால் வந்த பெயர். முதலாளி புகாரில் அதைச் சொல்ல, போலீஸ் எழுதிக்கொள்ள, நீதிமன்றமும் அப்படியே பதிந்துகொண்டிருக்கிறது. அக்கா எண்ணைக் குறித்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. எண்ணோடு நகல் பிரிவுக்குப் போனால், அந்த நீதிமன்றத்தை இடையில் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், பழைய வழக்குக் கட்டுகள் எல்லாம் எதிர்க் கட்டடத்து ரெக்கார்டு ரூமில் இருக்கின்றன என்றார்கள். அங்கே போனால், கட்டு இருக்கிறதா என்று பார்ப்போம், ஆனால் நகல் மனுவை நகல் பிரிவில்தான் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். நடுவில் இருந்த சாலையை அவள் அன்று எத்தனை தடவை கடந்தாள் என்பதை அங்கே நின்ற போக்குவரத்துக் காவலரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் நகல் பிரிவு எழுத்தர், நரைத்த மீசைக்காரர், அவள் மனுவை வாங்கிப் படித்தார். நீங்கள் வழக்கில் யார் என்று கேட்டார். யாருமில்லை, அக்கா என்றாள்.

"அப்ப நீங்க மூணாவது ஆளும்மா. தரக்கூடாதுன்னு இல்ல, தீர்ப்பு எல்லாருக்கும் பொதுதான். ஆனா சம்பந்தப்படாதவங்க கேட்டா, எதுக்குன்னு பிரமாணப் பத்திரம் எழுதி, நீதிபதி பார்த்து அனுமதிக்கணும். நாளாகும். உங்க தம்பியே கையெழுத்துப் போட்டா காரணமே வேண்டாம். நேர்ல ஒரு தடவை வரச் சொல்லுங்க."

அக்கா மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை பேருந்தில் உட்காரவே இல்லை. இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

தம்பி கட்டிலில் படுத்துக் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன், விடு என்றான். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊரெல்லாம் வேலை என்றான். ஒவ்வோர் இடத்திலும் இதே கேள்விதான் வரும் என்று அவள் சொன்னதற்கு, வந்தால் வரட்டும் என்றான். அங்கே போனால் கையெல்லாம் நடுங்கும், உனக்கென்ன தெரியும் என்றான்.

அவள் கத்துவாள் என்று கணவன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். அவள் கத்தவில்லை.

"எனக்குத் தெரியாதுதான். வாய்தாவுக்கு நீ போன ஒவ்வொரு நாளும் நான் கடையில உக்காந்து வில்லையை உடைச்சிருக்கேன். இன்னிக்கு எவன் எவனோ செஞ்ச திருட்டையெல்லாம் படிச்சு உன் பேரைக் கண்டுபிடிச்சேன். அந்தப் பேரு பக்கத்துல திருட்டுன்னுதான்டா எழுதியிருக்கு. விடுதலைன்னு எழுதின தாள் எங்கயோ கட்டுக்குள்ள கெடக்கு. அதை வெளிய எடுக்க மாட்டேன்னு நீ படுத்திருக்க. முதலாளி பண்ணினதைவிட இது பெரிசு."

அவன் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். பிறகு, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டான்.

மறுநாள் அவன் சட்டையை இரண்டு முறை மாற்றினான். நீதிமன்றப் படியருகே வந்ததும் நின்றுவிட்டான். அக்கா திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். பார்த்தால் அவன் திரும்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். சற்று நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மீசைக்காரர் காட்டிய இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். நடுக்கத்தில் அது கோணிக்கொண்டு போக, அடையாள அட்டையில் இருப்பது போல இல்லையே என்று அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். அக்காவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

கட்டு கிடைத்தது, நகலும் தயாரானது. ஆனால் முதலில் கொடுத்ததில் கடைசிப் பக்கத்தில் முத்திரை விழவில்லை. அதைப் படியிறங்கிய பிறகு கவனித்து, திரும்ப ஏறி முத்திரை போட்டு வாங்கினாள்.

இருவரும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். தம்பி முதல்முறையாகத் தன் தீர்ப்பைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது. கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் தள்ளினான். குற்றம் சாட்டப்பட்டவர் மீதான குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாததால், சந்தேகத்தின் பலனை அவருக்கு அளித்து விடுதலை செய்வதாக இருந்தது.

"சந்தேகத்தின் பலனா? அப்ப நான் எடுத்திருப்பேனோன்னு இவங்களுக்கு இன்னமும் சந்தேகம். இத்தனை வருஷமா நான் எடுக்கலைன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். இதையா கொண்டுபோய்க் கொடுக்கணும்?"

தாளைக் கிழித்துவிடுவான் போலிருந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு வந்த சொல்லும் அவளுக்குப் பிடிக்கவில்லைதான். சட்டத்தின் பேச்சு அப்படி, எல்லோருக்கும் இதைத்தான் எழுதுவார்களாம் என்று சமாதானம் சொல்லப் பார்த்தாள். அது அவன் காதில் ஏறவில்லை.

"சரி, அதுல எழுதாததை நீ சொல்லு. அங்க கேக்கறவங்க கிட்ட நீயே வாயைத் திறந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மருத்துவமனையில் பணியாளர் அதிகாரி ஓர் இளம்பெண். நகலைப் புரட்டி, முத்திரையைப் பார்த்து, விடுதலை என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். போதும், கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று அடுத்த தாளை எடுத்தார். அவ்வளவுதான். இதற்காகவா என்று அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

ஆனால் தம்பி நாற்காலியை விட்டு எழவில்லை.

"மேடம், அந்தக் கடைசி வரியைப் படிச்சா ஒரு மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம், நடந்ததை நான் சொல்லிடறேன்" என்றான்.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். அவன் சொன்னான். கிடங்கில் யார் சரக்கு ஏற்றினார்கள், வேனின் பின்கதவுப் பூட்டு பழுதானதை எத்தனை பேரிடம் சொல்லி அலுத்தான், காவல் நிலையத்தில் எப்படி உட்கார வைத்தார்கள், நீதிமன்றத் தாழ்வாரத்தில் எந்தத் தூணருகே நின்றான் என்று ஒன்று விடாமல் சொன்னான். தட்டுத் தடுமாறித்தான் சொன்னான். பூட்டு விஷயம் அக்காவுக்கே புதிது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அங்கேயே கேட்க நாக்கு துடித்தது.

அதிகாரி கேட்டு முடித்து, ஆம்புலன்ஸில் ஏதாவது பழுதென்றால் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு சீருடை அளவு கேட்டார்.

வெளியே வந்ததும் தம்பிக்குப் பசித்தது. இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கினான். சாப்பிட்டுக்கொண்டே, அந்த இணையதளத்தில் ஏற்றும்போதாவது 'நெட்டை'யை எடுக்கச் சொல்லி ஒரு மனு போட முடியுமா என்று கேட்டான்.

"போடலாம். நீயே போடு" என்றாள் அக்கா, தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே.