மூன்றாம் வரிசையில் ஒரு வட்டம்

இரட்டைச் சடை போட்ட அந்தப் பெண்ணின் முகத்தில் மவுஸை வைத்து அழுத்தினாள் கோகிலவாணி. திறந்த பக்கத்தில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். தனசேகரன், மினி பஸ் டிரைவர், ஜமுனாமரத்தூர், கீழே கைப்பேசி எண். கை தவறியிருக்கும் என்று நினைத்துத் திரும்பப் போய், இந்த முறை அந்தப் பெண்ணின் மூக்கு நுனியைப் பார்த்து அழுத்தினாள். மறுபடியும் தனசேகரன்தான் வந்தான்.

மலைமேல் இருந்த விடுதிப் பள்ளியில் இரண்டாயிரத்து ஒன்றில் பத்தாவது படித்தவர்கள் மே மாதம் ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்காக ஒரு வலைப்பக்கம். பழைய வகுப்புப் படத்தை ஓர் இலவச மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு முகத்தின் மேலும் வட்டம் இழுத்து, வட்டத்துக்கு ஒரு பக்கத்தை இணைத்துவிட்டால் முடிந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு வட்டம் தெரியாது. முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் விவரம் வரும். கடைத்தெருவில் ஜெராக்ஸும் சான்றிதழ் விண்ணப்பமுமாக அவள் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு அது அரைநாள் வேலை. ஆனால் "எங்க செட்டு மூஞ்சி எனக்குத்தான தெரியும், நானே போடுறேன்" என்று தனசேகரன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தானே இழுத்தான். மவுஸைப் பிடிக்கத் தெரியாதவன் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தது அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது மென்பொருளில் படத்தைத் திறந்தாள். வட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. எல்லாம் முகத்துக்கு முகம் அளவெடுத்த மாதிரி. மூன்றாம் வரிசையில் தனசேகரனின் வட்டம் மட்டும் முறம் அளவுக்கு விரிந்து, அவன் தோளைத் தாண்டி, பக்கத்தில் நின்ற பெண்ணை முழுசாக மூடியிருந்தது. எண்ணிப் பார்த்தாள். தலை நாற்பத்திரண்டு, வட்டம் நாற்பத்தொன்று. பெயர்ப் பட்டியலிலும் நாற்பத்தொரு பேர்தான்.

மதியம் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தவனுக்குக் களியும் கீரைக்குழம்பும் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, போட்டோல உங்க பக்கத்துல ரெட்டச் சடை போட்டுக்கினு ஒரு பொண்ணு கீதே, அது யாரு?"

"எது?"

"மூணாவது வரிசையில."

"தெரியல. பேரெல்லாம் ஞாபகம் இல்ல. பாதியில நின்னுபோச்சி."

பெயர் ஞாபகம் இல்லை, பாதியில் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை. அவன் களியில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பினான். பஸ் எடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஆலங்காயத்திலிருந்து தினம் மலைக்கு வேலைக்கு வந்துபோன காலத்தில், அவனுடைய பஸ்ஸில் உட்கார்ந்துதான் அவள் அவனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அதனாலேயே அந்த பஸ்ஸில் ஏறுகிற பெண்களைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. அன்று சாயங்காலம் அந்தக் கணக்கு பெரிதாகிவிட்டது. எந்த ஊரில் வண்டி கூடுதலாக நிற்கிறது, போன மாதம் சட்டைப்பையில் யாருக்காக மல்லிகைப்பூ இருந்தது, போன் வந்தால் ஏன் வாசலுக்குப் போகிறான் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பூ தனக்குத்தான் வந்தது என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கணியம்பாடியில் இருக்கும் அன்பரசனுக்குப் போன் போட்டாள். இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்கிறவன் அவன்தான்.

"அது பச்சையம்மாங்க. அதுதான் எறந்துபோச்சே. தனசேகர்தான் சொன்னான். பாவம், போட்டோல தனியாத் தெரிய வேணாம்னு பேரை எடுத்துட்டோம்."

போனை வைத்தாள். பெயரே தெரியாதவளுக்கு எப்படிச் சாவு சொன்னான்?

அவனிடம் போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் இன்னொரு பொய் வரும், அவ்வளவுதான். அவள் கடையைத் திறந்து, தனசேகரனின் வட்டத்தைப் பிடித்து இழுத்து அவன் முகத்தளவுக்குச் சுருக்கினாள். வெளியே வந்த பெண்ணின் முகத்தில் புதிதாக ஒரு வட்டம் போட்டாள். இணைத்த பக்கத்தில், 'பச்சையம்மா. இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் அழைக்கவும்' என்று எழுதிக் கடை நம்பரைக் கொடுத்தாள். அன்றைக்கே வலையில் ஏற்றிவிட்டாள். அன்பரசன் அதை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். யாரும் எதையும் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் போன் வந்தது. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"யாரோ அனுப்பின போட்டோல என் மூஞ்சியத் தொட்டா உங்க நம்பர் வருதுன்னு எம் பொண்ணு காட்டுச்சி. நீங்க யாருங்க?"

கோகிலவாணி சொன்னாள்: "தனசேகரன் வூட்டுக்காரி."

மெஷினை விட்டு நகர்ந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. அப்புறம், "அவரு என்னப் பத்தி இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நான் வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில தைக்கிறேங்க. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நான் போனப்புறம் டீச்சரு வாச்சு கெடச்சுதான்னு கேளுங்க. நான்தான் ரூமு பெருக்குவேன், நான்தான் எடுத்தேன்னு சொல்லி, பரிச்சைக்குப் பதினோரு நாள் முன்னால எங்கப்பன வரச்சொல்லி அனுப்பிட்டாங்க. எங்கப்பன் சாவுறவரைக்கும் அதை எங்க வச்சிக்கீறன்னு கேட்டுக்கினே இருந்தாரு."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். வேறு பெண் இல்லை, ஒரு வாட்ச். அந்த நிம்மதியில் கிட்டத்தட்டச் சிரித்தேவிட்டாள். போனை வைத்த பிறகுதான் அப்படிச் சிரிக்க வந்த வாயை நினைத்து வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தனசேகரன் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"பச்சையம்மா போன் பண்ணாங்க. வாச்சு கெடச்சுதான்னு கேக்கறாங்க."

செம்பை அவன் கீழே வைக்கவில்லை. தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது.

"கெடச்சுது," என்றான். "அந்தப் பொண்ணு போன மறுநாளே. கொழாய்க் கல்லுக்குப் பின்னால கெடந்தது. டீச்சரே மூஞ்சி கழுவும்போது கழட்டி வச்சிருப்பாங்க. நான் கொண்டுபோய்க் குடுத்தா நான்தான் எடுத்தேன்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன். ஏரியில வீசிட்டேன்."

"அப்ப செத்துட்டாங்கன்னு ஏன் சொன்ன?" அவளுக்கே தெரியாமல் 'ங்க' போய்விட்டிருந்தது.

"எல்லார் முன்னாடியும் வந்து நின்னு கேட்டுதுன்னா? நான் இன்னா சொல்லுவேன் வாணி?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் கிடந்தது என்கிறான். கிடந்திருக்கலாம். பதினைந்து வயசுப் பையன் பயந்திருக்கலாம். ஆனால் அதே பதினைந்து வயசுப் பையன் மேஜை மேலிருந்தும் எடுத்திருக்கலாம். அந்தப் பெண் எடுக்கவில்லை என்றதற்குச் சாட்சி இல்லாத மாதிரி, இவன் சொல்வதற்கும் சாட்சி இல்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவனை நம்பத் தனக்கு எதுவும் கையில் இல்லை என்பது அவளைப் பயமுறுத்தியது.

"எடுக்கலியே?"

"சத்தியமா எடுக்கல."

"ஞாயித்துக்கெழம வரச்சொல்லிக் கீறேன்," என்றாள். "ஆலங்காயத்துல இருந்து உன் வண்டியிலதான் வருவாங்க. நீயே சொல்லு."

அவன் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் வீட்டில் உப்பு வேணுமா, தண்ணி வந்துதா என்பதைத் தவிரப் பேச்சில்லை. அவன் லீவு போட்டுவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். வண்டி வளைவில் திரும்பி வந்து நின்றது. சாமை மூட்டைகளும் கோழிக்கூடையும் இறங்கின. ஊருக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்புகிற பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக, காலேஜ் படிக்கிற வயசில் ஒரு பெண்ணும், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நரை ஓடிய ஓர் அம்மாவும் இறங்கினார்கள். மலைக்காற்று முகத்தில் பட்டதும் அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு மகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

தனசேகரன் எஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே அவன் வாய் அசைவது கோகிலவாணிக்குத் தெரிந்தது; என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. கீழே நின்றவர், காது கேளாதவர்போலக் கையைக் காதருகே குவித்து, இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார்.