முன்னோக்கி வளைந்த கைகள்

இரண்டு மணிக்குக் கூட்டம். என் கட்டுரையைப் பார்த்துவிட்டு எங்கள் வானாய்வகத்தின் இயக்குநர் என் வேலையை நீட்டிப்பார், இல்லையென்றால் இந்த மாதத்தோடு கழித்துக்கட்டிவிடுவார். கட்டுரையின் சாரம் ஒரே வரி: பத்துக் கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் கைகள், மற்றவற்றைப் போலச் சுழற்சிக்குப் பின்னால் இழுபடாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அபூர்வம். ஒரு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்.

ஒன்றரைக்கு என் கணவர் அறைக்குள் வந்தார். இங்கேயே தொலைநோக்கியின் கேமராவைப் பராமரிப்பவர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அந்தப் படம் எப்ப எடுத்தது?”

“போன வருஷம். ஏன்?”

“அதுக்கு முந்தின வாரம் கேமராவுக்குள்ள இருந்த ஒரு கண்ணாடியைக் கழட்டினேன். அதுக்கப்புறம் படம் இடம் வலமா மாறித்தான் விழும். நீ திருப்பிக்கிட்டேல்ல?”

நான் திருப்பவில்லை. சுழலும் திசையை அளந்தது வேறு கருவி. அதில் பிழை இல்லை. படம் திரும்பியிருந்தால் கைகளும் திரும்பிவிடும். என் அபூர்வம் பத்தோடு பதினொன்றாகிவிடும்.

பழைய வான்படத்தைத் திறந்தேன். மண்டலத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம், இடப்பக்கம். என் படத்தில் அது வலப்பக்கம். படம் வந்த அன்றே ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆசைப்பட்ட பதில் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

“வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“பதிவேட்டுல எழுதினேனே.”

நம்பாமல் போய் எடுத்துப் புரட்டினேன். அவர் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. கீழே, ‘படித்தேன்’ என்று என் கையொப்பம். அந்த வாரம் எங்களுக்குள் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. இவர் எழுதியதை நான் ஏன் படிக்க வேண்டும் என்ற வீம்பில் கையெழுத்தை மட்டும் கிறுக்கியிருக்கிறேன்.

“இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாம்,” என்றார். “நான் எழுத மறந்துட்டேன்னு சொல்லிடுறேன். எனக்கு நிரந்தர வேலை. திட்டுவாங்க, அவ்வளவுதான்.”

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவர் விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்துவிட்டன. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தேன். இயக்குநர் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன்.

“கைகள் பின்னாலதான் இழுபடுது சார். தப்பு என்னோடது.”

அவர் என் கையொப்பத்தையே பார்த்தார். “ஏன் படிக்கல?”

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். கதவருகில் என் கணவர்.

“எழுதினவர் மேல கோபம் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் என் நீட்டிப்புத் தாளைக் கையெழுத்திடாமலே மற்ற தாள்களுக்கு அடியில் செருகிவிட்டு, அடுத்தவரைப் பேசச் சொன்னார்.