நாற்றங்காலில் ஊறிய கார்

கூத்தன்வயல் மலையாண்டியின் கார் முதன்முதலாகத் துளிர்விட்டது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் கீழ் ஓரத்தில். இரண்டு இலை. மறுநாள் நான்கு. திருவாடானைப் பக்கம் அந்த வாரம் மிளகாய் விலை இறங்கியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருடத்து எம்.ஜி. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, கூரை என்று பார்த்தால் ஒரு துணி. தேவகோட்டைப் பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு பங்களாவின் பின்கட்டில், கோழிகள் முட்டையிடத் தோதாக அது நின்றிருந்ததை மலையாண்டி பார்த்தான். ஐம்பதை நெருங்கும் விவசாயிக்குக் காதல் வருவதே ஆபத்து. அதுவும் கூரையில்லாத பொருள்மேல். ஒரு ஜோடி உழவு மாட்டைக் கொடுத்துவிட்டு, மாற்றாகக் காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தான். அந்த மாடுகள், தன் மனைவி நாகஜோதி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசுவின் பேரப்பிள்ளைகள் என்பது அவனுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. அதற்குப் பிறகு டிராக்டரை இன்னும் மெதுவாக ஓட்டினான்.

நாகஜோதி சண்டை போடவில்லை. அங்கேதான் சிக்கல். அன்றிலிருந்து புருஷனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, சொல்லவேண்டியதை எல்லாம் தொழுவத்துப் பசுவிடம் சொன்னாள். "ஏத்தா, சோறு ஆறுது. திங்கிறவுக வந்து திங்கட்டும்." பசுவும் கேட்டுக்கொண்டது. ஒருநாள் மலையாண்டி பசுவுக்கு இந்தப் பக்கம் நின்று, "இந்தக் காருல வச்சு ஒன்னயப் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகல, நான் மலையாண்டி இல்ல" என்று சபதம் போட்டான். தன்னைத்தான் சொல்கிறான் என்று பசு மிரண்டது. நாகஜோதி அதன் கழுத்தைத் தடவி, "பயப்படாத. அது வாசலத் தாண்டாது" என்றாள்.

ஏழு வருடம் போயிற்று. தொழுவத்தில் பாதி பட்டறை ஆனது. இன்ஜின் கோயம்புத்தூர் லேத்துக்குப் போய்வந்தது. கார்புரேட்டர் கடல் கடந்து பார்சலில் வந்தது. கடையில் வாங்கிய எந்த ஸ்பானரும் அதன் நட்டுகளில் உட்காராமல், கடைசியில் வெள்ளைக்காரன் காலத்துக் கிணற்றடி ஆயில் இன்ஜினோடு வந்த துருப்பிடித்த ஸ்பானர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி போய்க் கவ்விக்கொண்டன. தகரத்தைக் கழற்றியபோதுதான் உள்ளே மரச்சட்டம் இருப்பது தெரிந்தது. கரையான் தின்றது போக மிச்சம். நாகஜோதியின் தம்பி வீரமணி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், வெள்ளக்காரன் கட்டவண்டிக்குத் தகரம் அடிச்சு வித்திருக்கான். நீங்க ரெண்டு மாட்டக் குடுத்து மாடில்லாத வண்டி வாங்கியிருக்கீக!"

மலையாண்டி கண்மாய்க்கரையில் நின்ற தன் பூவரசை வெட்டினான். வெட்டிய மரத்தைக் கண்மாய்ச் சேற்றில் சில மாதம் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காயவைக்க வேண்டும் என்பது முறை. ஆனால் அந்த வருடம் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஊரில் சேறு இருந்த ஒரே இடம், எல்லோரும் வானத்தை நம்பிப் புழுதியில் விதைத்திருக்க, இவன் மட்டும் கிணற்றை நம்பிப் பாவியிருந்த நாற்றங்கால். பலகைகளை நாற்றுக்கு நடுவே புதைத்து, எருப்போட்டு, தண்ணீர் கட்டினான். நாற்றைப் பிடுங்கிய அன்றே மரத்தையும் எடுத்தான். ஏழு வருடம் பொறுத்தவனுக்கு, காயும்வரை பொறுக்க முடியவில்லை; ஈரத்தோடே சட்டம் அடித்துக் காரில் பூட்டிவிட்டான். நாற்றோடு படுத்துக் கிடந்த மரம் நாற்றின் புத்தியைப் பிடித்துக்கொண்டது. சேர்க்கை அப்படி.

கரும்பச்சைப் பெயிண்ட் காய்ந்து, இன்ஜின் முதல்முறை உறுமி, ஊரே காது பொத்திய மறுவாரம்தான் துளிர் வந்தது. மலையாண்டி கிள்ளி எறிந்தான். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இருமிவிட்டு நின்றது. பிளக் மாற்றினான், பெட்ரோலை மாற்றினான், ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொண்டான், அசையவில்லை. மறுபடி இலை விட்ட பிறகு ஒரே திருகில் எடுத்தது. மார்கழி முடிவதற்குள் பானட்டின் இரு பக்கமும் கிளை வந்துவிட்டது.

தை மாதம் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பழைய கார்களின் ஊர்வலம். அதை நடத்தும் சங்கத்தின் செயலாளர் யோகேஸ்வரன், துளிர்ப்பதற்கு முன்பு எடுத்த போட்டோவைப் பார்த்து இவனையும் சேர்த்திருந்தார். கார் அன்று செய்தபடியே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் ஏற்றுக்கொண்டால் அது கார். இல்லையென்றால் வீரமணி சொன்ன மாடில்லாத வண்டி. வெட்டினால் ஓடாது, வெட்டாவிட்டால் சேர்க்கமாட்டார்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று முடிவுகட்டி, ஊர்வலத்தன்று காலையில் அரிவாளை ஓங்கினான்.

"ஏங்க, மொட்டு வச்சிருக்கு" என்றாள் நாகஜோதி. பசுவிடம் அல்ல. "மொட்டு வச்சத வெட்டுனா வெளங்குமா? குட்டியான மேல ஏறிப்போய் நிக்கவா எம் மாட்டக் குடுத்தீக? அருவாளக் கீழ போடுங்க."

ஏழு வருடத்துக்குப் பிறகு தன்மேல் நேராக விழுந்த அந்தக் குரலுக்கு மலையாண்டி அரிவாளைக் கீழே போட்டான். அவன் திரும்புவதற்குள் அவள் கிளையை ஒதுக்கி ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். "எடுங்க."

ராமநாதபுரம் மைதானத்தில் யோகேஸ்வரன் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். "சார், இது ஒரிஜினல் இல்லையே" என்றார். நாகஜோதி இறங்காமலே கேட்டாள்: "எந்த எடத்துல இல்ல? மரச்சட்டம் வெள்ளக்காரன் வச்சதுதான? அவன் மரத்துக்கு உசுரு போயிருச்சு, எங்க மரத்துக்குப் போகல. அம்புட்டுத்தான்."

யோகேஸ்வரன் மற்றவர்களோடு கலந்து பேசினார். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. சருகு பின்னால் வருகிறவர்மேல் விழும் என்பதால் கடைசி இடம் கொடுத்தார்கள். மண்டபம் ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு கார்கள் கொதித்து நின்றன. நிழலிலேயே வந்த இது குளிர்ந்திருந்தது. பாம்பன் பாலத்தின்மேல் கடற்காற்று கிளைகளைப் பிடித்து உலுக்கியது. ஒரு கிளையும் ஒடியவில்லை. மொட்டுகள் மஞ்சளாக விரிந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்துக் கைதட்டினார்கள். நாகஜோதி தேரில் வரும் அம்மன் மாதிரி நேராகப் பார்த்தபடி, புருஷனுக்கு மட்டும் கேட்கும்படி, "கொஞ்சம் மெதுவாப் போங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். மலையாண்டி வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் ஓட்டியதில்லை. ராமேஸ்வரம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, பூக்கள் பூவரசின் வழக்கப்படி சிவந்திருந்தன.

அதன் பிறகு காரின் கிளையில் ஒரு கம்பு வெட்டிக் கேட்டு வராத ஊர் இல்லை. திருவாடானையிலிருந்து மாரியூர்வரை வாங்கிப்போய் ஊன்றினார்கள். எல்லா இடத்திலும் வெறும் பூவரசுதான் வளர்ந்தது. வீரமணி மட்டும், யாருக்கும் சொல்லாமல், தன் வயலின் நாற்றங்காலில் ஊன்றினான். போன மாசியில் அதில் ஒரு ஸ்டெப்னி காய்த்திருக்கிறது. ஸ்போக்கெல்லாம் இன்னும் பச்சை. நாகஜோதி போய் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, பிஞ்சு, சித்திரைவரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.